பெயரை முதலில் கீழே நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, பேச்சோடு பேச்சாகப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கே இத்தனை கடிதம். அத்தனையும் ஆண் பிள்ளைக்குத்தான். பெண் பிள்ளைக்குப் பெயர் கிடைப்பதில் யாருக்கும் சிரமமில்லை போலிருக்கிறது. சோதிடம் நான் படித்ததில்லை. முப்பத்தொரு வருடம் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து, காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவள், அவ்வளவுதான் என் தகுதி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

*

வணக்கம் டீச்சர். மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. ஊரில் மாமியாருக்குத் தெரிந்த சோதிடருக்குப் பிறந்த நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஆயில்யம் முதல் பாதம், 'டி' எழுத்தில் வையுங்கள் என்று பதில் வந்தது. கணவருக்கோ தமிழ்ப் பெயர்தான் வேண்டும். 'டி'யில் தமிழ்ப் பெயர் தேடித் தேடி, இப்போது எங்கள் இருவருக்கும் பேச்சே நின்றுபோய்விட்டது.
– பொங்கோல் வாசகி

முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நேரம் அனுப்பினீர்களே, அது சிங்கப்பூர் நேரம் என்று சொல்லி அனுப்பினீர்களா? நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பிள்ளை இங்கே பிற்பகல் 2.10க்குப் பிறந்தால் அங்கே அப்போது காலை 11.40. அதைக் கழிக்காமல் ஊர்ப் பஞ்சாங்கத்தில் 2.10 என்றே வைத்துப் பார்த்தால், பிள்ளை பிறந்து இரண்டரை மணி நேரம் கழித்துச் சந்திரன் எங்கே நின்றதோ அதைப் பார்த்ததாகிவிடும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது, நட்சத்திரத்துக்கு நாலு பாதம், ஆக ஒரு பாதத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் தப்பினால் பாதம் மாறிப்போக நிறையவே இடமிருக்கிறது, பாதம் மாறினால் எழுத்தும் மாறும். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பிறந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், ஊரில் அது முந்தின நாள் இரவு 10.30, தேதியே வேறு. ஊருக்குக் குறிப்பு அனுப்புகிறவர்கள் எல்லாரும் 'சிங்கப்பூர் நேரம்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்புங்கள். நல்ல சோதிடர் அவரே கேட்பார். கேட்காதவர்களும் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் மகனுக்குத் திருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? ஆயில்யம் முதல் பாதத்திலிருந்து ஒரு படி பின்னால் போனால் பூசம் நாலாம் பாதம். அதற்கு எழுத்து 'ட'. தப்பித்தோம் என்று எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதேதான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது!

'டி'யில் தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லையென்றால் அது தேடினவர் குற்றமில்லை அம்மா. தமிழில் எந்தச் சொல்லும் 'ட'வில் தொடங்காது; தொல்காப்பியத்திலிருந்து வருகிற இலக்கணம் அது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டும் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் பழைய ஆட்கள் ராமனை இராமன் என்றும் லட்சுமியை இலட்சுமி என்றும் எழுதினார்கள், ஓர் 'இ'யை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு. நட்சத்திர எழுத்துப் பட்டியலோ வடமொழி ஒலிகளை வைத்துக் கட்டியது, அதில் ட வரிசை, ஹ வரிசை, ஜ வரிசை எல்லாம் உண்டு. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. பரணிக்கு லி, லு, லே, லோ. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஓர் எழுத்து அப்படி இப்படி இருக்கும், ஆனால் ஆயில்யத்துக்குத் தனித்தமிழ் எழுத்துக் கொடுக்கிற பஞ்சாங்கத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் மாமியார் சொல்வதும் கணவர் சொல்வதும் ஒரே பெயருக்குள் அடங்காது. இதைச் சொன்னாலே வீட்டில் பாதிச் சண்டை தீரும், ஏனென்றால் இதுவரை ஒருவர் மற்றவரைப் பிடிவாதக்காரர் என்றல்லவா நினைத்திருப்பார்கள்?

இரண்டு பெயர் வையுங்கள். நிறைய வீடுகளில் நடப்பதுதான். தொட்டில் போடுகிற அன்று மாமியார் மடியில் பிள்ளையை வைத்து, எழுத்துக்கு ஏற்ற பெயரைக் காதில் மூன்று முறை சொல்லட்டும், தட்டில் பச்சரிசியைப் பரப்பி அதில் எழுதட்டும். சான்றிதழில் ஏறுவது நீங்கள் இருவரும் தேர்ந்தெடுத்த தமிழ்ப் பெயராக இருக்கட்டும். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் 33 நாள். அதற்குள் பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிடும்.

*

டீச்சர், எனக்குச் சங்க இலக்கியத்தில் ஈடுபாடு உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயரை மகனுக்கு வைக்க ஆசை. 'பாரி' என்று முடிவு செய்து வேலையிடத்தில் சொன்னேன், என் மலாய் நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று கேட்டுவிட்டு நானும் சிரித்தேன். இப்போது மனைவி வேண்டாம் என்கிறார்.
– உட்லண்ட்ஸ் வாசகர்

உங்கள் நண்பர் ஏன் சிரித்தார் என்பது உணவங்காடி நிலையத்தில் சாப்பிடுகிற எல்லாருக்கும் தெரியும். ஈக்கான் பாரி என்றால் திருக்கை மீன். வாழையிலையில் வைத்து, மேலே சம்பாலை அப்பி, சுட்டுக் கொண்டுவந்து வைப்பார்களே, அது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் இங்கே சம்பாலோடு வருகிறான்.

சிரித்துவிட்டு யோசித்தேன், மற்ற ஆறு பேர் எப்படி என்று. காரி? மலாயில் காரி என்றால் கறி, அதாவது குழம்பு. பேகன்? மயிலுக்குப் போர்வை கொடுத்த மகராசன், ஆனால் ஆங்கிலத்தில் வாசிக்கிற பிள்ளைகள் காதில் காலை உணவுப் பன்றியிறைச்சி விழும். ஆய் என்று வையுங்கள் என்று நான் எந்த அப்பாவுக்கும் சொல்ல மாட்டேன், காரணத்தையும் எழுத மாட்டேன். நள்ளி பரவாயில்லை, சென்னையில் புடவை எடுத்தவர்கள் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். ஓரி நன்றாக இருக்கிறது, சின்னப் பெயர், சீனர் மலாய்க்காரர் யாருக்கும் நாக்குச் சுளுக்காது, கொல்லிமலையின் வில்வீரன். ஒன்று மட்டும், இரட்டைப் பிள்ளை பிறந்து காரி, ஓரி என்று வைத்துவிடாதீர்கள், ஓரியைப் போரில் கொன்றவனே காரிதான். கடைசியில் அதியமான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். பெயர் கொஞ்சம் நீளம், ஆனால் அதியன் என்று சுருக்கினால் கணீரென்று இருக்கிறது.

இந்த ஊரில் நாலு ஆட்சிமொழி. பிள்ளையின் பெயர் நாலு மொழிக் காதிலும் விழும், எனவே பதிவதற்கு முன்னால் ஒரு மலாய் நண்பரிடமும் ஒரு சீன நண்பரிடமும் சொல்லிப் பார்ப்பது நல்லது. மதி என்றால் நமக்கு நிலா, அறிவு; மலாயில் 'மாத்தி' என்றால் சாவு. பாலா என்றால் நமக்குச் செல்லம், மலாயில் பேரிடர். இத்தனைக்கும் என் வகுப்புகளில் மட்டும் எத்தனை மதியழகன், எத்தனை பாலமுருகன்! எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் கேலி செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியும் என்று நீங்கள் நினைத்தால் வையுங்கள், ஆனால் தெரிந்து வையுங்கள். என்னைக் கேட்டால் பாரி நல்ல பெயர், பாரிவேந்தன், பாரிவள்ளல் என்று கூட ஒரு சொல்லைச் சேர்த்துப் பதிந்தால் திருக்கை மீன் பாதி தூரம் விலகிவிடும். வீட்டில் பாரி என்றே கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். மனைவியை மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில் நின்று அந்தப் பெயரை ஒரு முறை உரக்கக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். அடுத்த பத்து வருடம் நீங்கள் செய்யப்போவது அதுதான். பாரி, கதிர், மாறன், வேலன் இவையெல்லாம் மேலே போய்ச் சேரும். போன வருடம் என் தங்கை மகன் மூன்று சொல் கொண்ட ஒரு பெயரை வைத்திருந்தான், கீழே இருந்து கூப்பிட்டுப் பார்த்தான், இரண்டாவது சொல்லிலேயே மூச்சு வாங்கியது. இப்போது பிள்ளைக்குப் பெயர் முகிலன்.

*

மகனுக்குக் கவின் என்று வைத்திருக்கிறோம், இன்னும் பதியவில்லை. எண்கணிதம் பார்த்தவர் கூட்டுத்தொகை 6 வருகிறது, 3 வரவேண்டும், அதனால் ஆங்கிலத்தில் 'வி' எழுத்தை இரண்டாகப் போடுங்கள் என்கிறார். போடலாமா?
– தெம்பனிஸ் தம்பதி

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கே-க்கு 2, ஏ-க்கு 1, வி-க்கு 6, ஐ-க்கு 1, என்-க்கு 5. மொத்தம் 15, ஒன்றும் ஐந்தும் ஆறு. சரிதான். இன்னொரு 'வி' போட்டால் 21, ஆக 3. அதுவும் சரிதான். ஆனால் எண்கணிதத்தில் இன்னொரு அட்டவணையும் இருக்கிறது, ஏ முதல் ஐ வரை 1லிருந்து 9, அப்புறம் ஜே-யிலிருந்து மறுபடி 1 என்று வரிசையாகப் போகும். அதில் கே-க்கு 2, ஏ-க்கு 1, வி-க்கு 4, ஐ-க்கு 9, என்-க்கு 5. மொத்தம் 21. எந்த எழுத்தையும் சேர்க்காமலே 3 வந்துவிட்டது! அவரிடம் அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள், பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டாம்.

விளையாட்டாகச் சொன்னாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, காரணம் என் அண்ணன். அப்பா வைத்த பெயர் எழிலரசன். அந்தக் காலத்தில் பதிவு செய்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, 'ழ' போய் 'ல' வந்து, நடுவில் எங்கிருந்தோ ஒரு 'ஈ'யும் புகுந்து, சான்றிதழில் அவர் 'எலேலரசன்' ஆகிவிட்டார். பள்ளியில் பையன்கள் 'ஏலேலோ' என்று பாடுவார்கள். எழுபதை நெருங்குகிறார், இன்றைக்கும் மருந்தகத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் எழுந்து போகிறார். எங்கள் அப்பா எழுத்தர் மேல் பழி போட்டார். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்கச் சான்றிதழாகிவிட்டது, பதிவையும் நீங்களேதான் இணையத்தில் செய்கிறீர்கள், தட்டுகிற விரல் உங்களுடையது. 'சமர்ப்பி'யை அழுத்துவதற்கு முன்னால் எழுத்தெழுத்தாக வாசியுங்கள், உங்களைத் தவிர இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். பின்னால் வழக்கறிஞரிடம் போய் 'டீட் போல்' என்கிற பெயர்மாற்றப் பத்திரம் எழுதிப் பெயரை மாற்றலாம்தான், ஆனால் அப்புறம் கடப்பிதழ், பள்ளி, வங்கி என்று ஒவ்வோர் இடமாகத் திருத்திக்கொண்டு அலைய வேண்டும்.

'ழ' உள்ள பெயர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அதை இஸட், ஹெச் சேர்த்து எழுதுகிறோம். நம் சீன ஆசிரியர்களுக்கு அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் ஹன்யூ பின்யின், அதாவது சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதுகிற முறை, ஞாபகம்தான் வரும், அதில் அது 'ஜ' மாதிரி ஒலிக்கும். எழில் 'எஜில்' ஆவான், செழியன் 'செஜியன்' ஆவான். என்னோடு வேலை பார்த்த ஒரு சீன ஆசிரியை இப்படித்தான் வகுப்பில் ஒரு செழியனை ஒரு வாரம் 'செஜியன்' என்று கூப்பிட்டார், அப்புறம் அவனே போய் நாக்கை மடக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான், வருடக் கடைசியில் அவர் 'ழ'வை நம் பிள்ளைகள் பலரைவிட நன்றாகச் சொன்னார். ஆகவே பயந்துகொண்டு 'ழ'வைக் கைவிட வேண்டாம். கவினுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவனைக் 'கெவின்' ஆக்கப் பார்ப்பார்கள். முதல் நாளே திருத்திவிடுங்கள், தள்ளிப்போட்டால் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

*

மகன் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் 'எஸ்/ஓ' (சன் ஆஃப், இன்னார் மகன்) போட வேண்டுமா? என் அடையாள அட்டையில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விமானச் சீட்டு வாங்கும்போதெல்லாம் தலைவலி.
– ஈசூன் வாசகர்

கட்டாயமில்லை. அடுத்தடுத்து இரண்டு பெயரை எழுதினால் போதும். சாய்கோட்டை ஏற்காத இணையப் படிவங்கள் இருக்கின்றன, அப்போது அந்த இரண்டு எழுத்தும் அப்பா பெயரோடு ஒட்டிக்கொண்டு புதுப் பெயர் ஒன்று பிறந்துவிடும். நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரியாக இருக்கிறது, குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி என்று பிரிப்பதில்லை. விமான நிறுவனம் பிரிக்கச் சொல்லும்போது கடைசியில் நிற்கிற பெயர்தான் குடும்பப் பெயராகப் போகும். அதாவது வெளிநாட்டில் உங்கள் மகனை உங்கள் பெயரைச் சொல்லித்தான் 'மிஸ்டர்' என்பார்கள். அது உங்களுக்குப் பெருமை, அவனுக்குக் குழப்பம்.

அப்பா பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதும் உங்கள் இஷ்டம். நம் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன், செல்லப்பன் ராமநாதன். அதில் செல்லப்பன் அப்பா பெயர், முன்னால் நிற்கிறது. 2023ல் அதிபரான தர்மன் சண்முகரத்னத்துக்கு அப்பா பெயர் பின்னால். அவரை யாராவது 'அதிபர் சண்முகரத்னம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் நம் வழக்கம், அது இந்த ஊருக்கும் நன்றாகவே பழகிவிட்டது. எஸ்/ஓ வைத்திருப்பதும் தவறில்லை, அது நம் தாத்தா காலத்திலிருந்து வருகிற அடையாளம் என்று பிரியமாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். படிவம் நிரப்பும்போது மட்டும் அவர்களும் திட்டுவார்கள்.

*

என் கணவர் சீனர். மாமியார் சீனப் பெயர் வேண்டும் என்கிறார், என் அம்மா தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறார்.
– செங்காங் வாசகி

இரண்டையும் வையுங்கள். 2011 ஜனவரியிலிருந்து பிள்ளையின் இனத்தையே இரண்டாகப் பதிய முடிகிறது, பெயருக்கு என்ன. தமிழ்ப் பெயர், சீனப் பெயர், குடும்பப் பெயர் எந்த வரிசையில் என்பதை மட்டும் பாட்டிமார் இருவரும் இல்லாத நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். உங்கள் மாமியார் சீன எழுத்தின் கோடுகளை எண்ணிப் பெயர் பார்ப்பவராக இருந்தால், உங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். பாதம் பார்ப்பவரும் கோடு எண்ணுபவரும் சீக்கிரம் கூட்டாளியாகிவிடுவார்கள்.

*

மாமனார் போன வருடம் தவறிவிட்டார். அவர் பெயர் கோவிந்தசாமி. பேரனுக்கு அதையே வைக்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது பழைய பெயர் இல்லையா டீச்சர்?
– சுவா சூ காங் வாசகி

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோவிந்த் என்று சுருக்கலாம், அல்லது நீங்கள் விரும்பும் பெயரை முதலில் வைத்துக் கோவிந்தசாமியை இரண்டாவதாகப் பதியலாம். பழைய பெயர் என்று தள்ளாதீர்கள், வகுப்பில் நாலு ஆதித்யா இருக்கும்போது ஒரே ஒரு கோவிந்தசாமியை ஆசிரியர் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டார்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு, அது என் வீட்டில் நடப்பது. மூத்த பேரனுக்கு என் வீட்டுக்காரர் பெயரை வைத்தோம். நாற்பது வருடம் அவர் பெயரை வாயால் சொல்லாமலே குடும்பம் நடத்தியவள் நான், 'ஏங்க', 'இங்க பாருங்க'தான். இப்போது ஆறு வயதுப் பையன் சோஃபா மேல் ஏறி நின்று குதிக்கிறான், திட்டலாமென்று வாயைத் திறக்கிறேன், பெயர் வரமாட்டேன் என்கிறது. மருமகள் அடுப்படியிலிருந்து சிரிக்கிறாள். 'டேய் தம்பி, இறங்குடா' என்கிறேன். அவனும் பாட்டிக்குத் தன் பெயர் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.